இரண்டு மிளகாய்ப் புத்தகம்

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் ஒரு நாள்கூட அவள் சாக்பீஸைத் தொட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் தேர்வு வழிகாட்டிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். யாராவது இரைந்து பேசினால் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு விரலை உயர்த்துவாள். டீச்சர் பட்டம் கிடைக்க அது போதுமாக இருந்தது.

இப்போது டீச்சர் பார்க்கிற வேலை வேறு. இளவட்டங்களுக்கென்று வருகிற காதல் நாவல்களில் சூடான பக்கங்களை எழுதுவது. நாவலை அல்ல, பக்கங்களை மட்டும். நாவலை யாராவது ஓர் இளம் எழுத்தாளர் எழுதியிருப்பார். கல்லூரிக் கடைசி வருடத்துக் கதாநாயகனும் கதாநாயகியும் எங்கேயாவது தனியாக மாட்டிக்கொள்கிற இடத்தில் கதை வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைக்கு முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம், ஆக நாலு பக்கம் டீச்சரின் மேசைக்கு வரும். அவள் தொள்ளாயிரம் வார்த்தை எழுதி நடுவில் செருகித் தர வேண்டும். முழுக் கதையை யாரும் அவளிடம் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்வது? நாலு பக்கத்தைப் பார்த்தாலே மிச்சம் இருநூறு பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு என்ன, மூளை என்று ஒன்று இருக்கிற யாருக்கும் தெரியும்.

கம்பெனி ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. கீழ்த்தளத்தில் வழிகாட்டிகள், மாடியில் நாவல்கள். ஒரே காகிதம், ஒரே பசை, ஒரே லாரி. ஆனால் மாடியின் பெயருக்கும் கீழ்த்தளத்தின் பெயருக்கும் சம்பந்தம் இருப்பது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பள்ளிக்கூடங்கள் வழிகாட்டி வாங்குவதை நிறுத்திவிடும். அதனால் மாடியின் எடிட்டர் எழுத்தாளர்களை இங்கே வரவழைப்பதே இல்லை, ஏதாவது காபிக் கடையில்தான் சந்திப்பார். கீழ்த்தளத்து உயிரியல் வழிகாட்டியில் இனப்பெருக்கப் பாடம் மொத்தம் ஒன்றரைப் பக்கம். அதன் கடைசி வரி, 'பிறவற்றை மாணவர்கள் தாமே அறிந்துகொள்க.' அந்த வரிக்கு டீச்சர்தான் பிழை திருத்தினாள். மாணவர்கள் தாமே அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு மாடியில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

புத்தகங்களின் பின்னட்டை மூலையில் சின்னச் சின்ன மிளகாய் போட்டிருக்கும். ஒரு மிளகாய் என்றால் கையைப் பிடிப்பதோடு சரி. இரண்டு என்றால் மழையில் நனைவது, முத்தம், சட்டைப் பொத்தான். மூன்று மிளகாய்ப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் வரும். உறையின் மேல் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒரு வரி இருக்கும். முன்னட்டையில் என்னவோ இளஞ்சிவப்பு வண்ணத்தில் ஒரு பூனையும், ஒரு சைக்கிளும், புத்தகப் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண்ணும் இருப்பார்கள். ஸ்டேஷனரிக் கடையில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்திலேயே அதை அடுக்கி வைப்பார்கள். டீச்சர் ஒரு தடவை கண்ணால் பார்த்தாள். ஒரு தாய் பூனைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஃபோனை நோண்டாம புக்கு படிக்கிறாளே, அதுவே பெரிய விஷயம்," என்று சந்தோஷமாகப் பையைத் திறந்து மூன்று மிளகாய்ப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்ற பிள்ளைக்குப் பதிமூன்று வயது இருந்தால் அதிகம். முகத்தைப் பால் வடிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றது. டீச்சருக்கு அந்தத் தாயை உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் நூற்றுப் பத்தாம் பக்கத்தை எழுதியவளுக்கு உலுக்குகிற யோக்கியதை எங்கே இருக்கிறது?

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு மாடி ஏறவில்லை. பிழை திருத்துகிற வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டபோது கீழ்த்தளத்தில் அவளுக்கு நாற்காலி இல்லாமல் போனது. கணவர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலாளி கூப்பிட்டு, "டீச்சர், உங்களுக்குத் தமிழ் நல்லா வருமே, மாடியில ஒரு வேலை இருக்கு," என்றார். நல்ல தமிழுக்கு வந்த வாழ்வு இது என்று அவள் மனசுக்குள் காறித் துப்பிவிட்டு ஏறினாள். இரண்டு வருடத்தில் அறுபது நாவல்களுக்கு மழை பெய்ய வைத்துவிட்டாள்.

எழுதுகிறவர்கள் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. காதலும் தெரியாது, காற்புள்ளியும் தெரியாது, ஃபோட்டோவுக்கு மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொள்ளத் தெரியும். படிக்கிறவர்கள் மேல் அதைவிடக் குறைவு. புத்தகத்தை வாங்கினதும் மிளகாய்ப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு மிச்சத்தை அலமாரியில் அழகுக்கு வைக்கிற கூட்டம். எடிட்டர் மேல் சுத்தமாக இல்லை. அவருக்கு முப்பது வயது. முதுகுக்குப் பின்னால் ஆபீஸே அவரை மிளகாய் என்றுதான் சொல்லும். அவர் டீச்சர் எழுதியதைப் படிக்க மாட்டார், எண்ணுவார். அவருடைய மேசைக்கு எதிர்ச் சுவரில் பன்னிரண்டு வார்த்தைகள் ஒட்டியிருந்தன. மழை, ஈரம், மூச்சு, கழுத்து, உதடு, விரல், பொத்தான், இடுப்பு, நடுக்கம், வெப்பம், துடிப்பு, மெல்ல. இரண்டு மிளகாய் என்றால் தொள்ளாயிரம் வார்த்தைக்குள் இவை முப்பது தடவையாவது வர வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, வட்டம் போட்டுக்கொண்டே போவார். முப்பது தேறினால் டிக். தேறாவிட்டால், "இன்னும் ரெண்டு கழுத்து போடுங்க டீச்சர்," என்று திருப்பிக் கொடுப்பார்.

'மெல்ல' எதற்கு அந்தப் பட்டியலில் என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"அது ஒண்ணு சேத்தா எதுவுமே சூடாயிடும் டீச்சர்," என்றார் எடிட்டர், பெரிய ஞானி மாதிரி. "மெல்ல கதவைத் திறந்தான்னு எழுதிப் பாருங்க. கதவே சூடாயிடும்."

வீட்டில் மகளுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா இன்னமும் வழிகாட்டிகளுக்குப் பிழை திருத்துகிறாள் என்றே மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு இருபத்தொரு வயது. அப்பா போன பிறகு பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவள். அழுது பார்த்ததில்லை, அப்பாவைப் பற்றிப் பேசியும் கேட்டதில்லை. கல்லூரியிலிருந்து வந்தால் அப்பாவின் பழைய நீலச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதையோ எழுதுவாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா," என்று நோட்டை மூடிவிடுவாள். டீச்சரும் தோண்டித் துருவவில்லை. மகளின் எழுத்து ஒன்றுதான் இந்த உலகத்தில் அவள் இளக்காரமாக நினைக்காத எழுத்து. படிக்காததால் அப்படி இருந்ததோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து மகள் சொன்னாள். "அம்மா, நான் ஒரு நாவல் எழுதினேன். எடுத்துக்கிட்டாங்க."

டீச்சர் கையிலிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்தாள். "யாரு?"

மகள் சொன்ன பெயர் மாடியின் பெயர்.

"எடிட்டர் ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லிப் பேசினாரும்மா. நல்லா இருக்குன்னாரு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் அவங்க கொஞ்சம் எழுதிச் சேத்துப்பாங்களாம். எல்லா புக்குலயும் அப்படித்தானாம்."

"நீ சரின்னுட்டியா?"

"சரின்னாதான் போடுவாங்க. மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்த ரெண்டு பக்கம் என்னோடது இல்ல. பஸ்ஸுல விளம்பரம் ஒட்டுற மாதிரி. பஸ் என் பஸ்தானே." மகள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. "புக்கா வந்ததும் படிம்மா. இப்ப கேக்காத."

விளம்பரம் ஒட்டுகிறவள் நான்தான் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரை வந்தது. மகளின் சிரிப்பைப் பார்த்ததும் முழுங்கிவிட்டாள். தன் வயிற்றில் பிறந்தது இந்தச் சாக்கடையில் போயா விழ வேண்டும் என்று அன்று முழுக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்று வாரம் கழித்து நாலு பக்கம் மேசைக்கு வந்தது. எப்போதும் போல் எழுத்தாளர் பெயர் போட்டிருக்கவில்லை. ஆனால் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. மூடிய சைக்கிள் ஸ்டாண்டின் கூரைக்குக் கீழே ஒரு பெண் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். அப்பாவின் நீலச் சட்டை போட்டிருக்கிறாள். அதில் இரண்டாவது பொத்தான் மட்டும் கறுப்பு. கூடப் படிக்கிறவன் ஒருத்தன் ஓடிவந்து பக்கத்தில் நிற்கிறான். அவன் அந்தக் கறுப்புப் பொத்தானைப் பார்க்கிறான். அங்கே வெள்ளை. வெள்ளைக்கு அப்புறம் மறுநாள் காலை, வகுப்பறை, இருவரும் பேசாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே எடிட்டரின் குறிப்பு, 'இரண்டு மிளகாய். சட்டை இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளவும்.'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கறுப்புப் பொத்தான் எங்கே தைக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி, கடைசிக்கு முந்தின நாள். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. பதினெட்டு வயது மகள் யாரிடமோ ஊசியும் நூலும் ஒரு கறுப்புப் பொத்தானும் வாங்கி வந்து, அவர் மடியில் சட்டையை விரித்துப் போட்டே தைத்தாள். பிறகு அவருக்கு மாட்டிவிட்டாள். டீச்சர் அப்போது உள்ளே இல்லை, அன்று இரவு கணவர் சொல்லித்தான் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் தாள்களை வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். வாசல் வரை வந்தபோது உள்ளே பார்த்தாள். மகள் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு கூச்சத்தில் உள்ளே போகாமல் அவள் திரும்பவும் கவுன்ட்டருக்கே போய்விட்டாள். அந்தக் கூச்சம் என்ன கூச்சம் என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அந்தச் சட்டையின் பொத்தானில் ஒருத்தன் கை வைக்க வேண்டுமாம். மெல்ல.

நேராக எடிட்டரிடம் போனாள். "தம்பி, இந்தக் கதைக்கு இது வேண்டாம். அப்படியே விட்டுடுங்க. இந்தப் பக்கங்கள் நல்லா இருக்கு."

எடிட்டர் ஏதோ அட்டைப்படத்தில் பூனையின் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். "மிளகாய் இல்லாம கடைக்காரன் எடுக்க மாட்டான் டீச்சர். உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, துப்பறிவாளருக்கு அனுப்பிடறேன்."

துப்பறிவாளர் என்பவர் முன்பு கொலைக் கதை எழுதியவர். இப்போது வீட்டிலிருந்தபடி மிளகாய் எழுதுகிறார். அவரிடம் போனால் மூன்றாவது வரியில் சட்டை தரையில் கிடக்கும். டீச்சர் தாள்களைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மகளிடம் கேட்டிருக்கலாம். முழு நாவலையும் கொடு, படிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். எடிட்டரின் அலமாரியில் பிரதி இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்திருக்கலாம். டீச்சருக்கு அது தோன்றவே இல்லை. அறுபது நாவலுக்கு நாலு நாலு பக்கம் பார்த்து எழுதியவள், நாலு பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று இருந்தவள், சொந்த மகளின் கதையையும் அதே நாலு பக்கத்தில் அளந்துவிட்டாள். செத்துப்போன அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மழையில் நிற்கிறாள். இதில் புரியாதது என்ன இருக்கிறது? பிள்ளை இத்தனை நாள் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை இப்போதுதான் சொல்ல வருகிறாள், சொல்லும் நேரத்தில் இந்தப் பயல்கள் வாயைப் பொத்தி மிளகாயைத் திணிக்கிறார்கள். அதை நடக்க விடக் கூடாது. டீச்சருக்கு அவ்வளவுதான் புரிந்தது.

சுவரில் இருந்த பன்னிரண்டு வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள். அந்தப் பையன், 'இந்தப் பொத்தான் மட்டும் ஏன் கறுப்பு?' என்று கேட்கிறான். அவ்வளவுதான் அவனுக்கு வேலை. மிச்சமெல்லாம் அந்தப் பெண் சொல்கிறாள். அப்பா இறந்ததற்கு முந்தின நாள். அவருடைய மூச்சு எப்படி இருந்தது. தலையணையில் நிற்காத கழுத்தை எப்படித் தாங்கிப் பிடித்தாள். காய்ந்து வெடித்த உதட்டில் பஞ்சால் ஈரம் ஒற்றியது. இடுப்பைப் பிடித்து மெல்லத் தூக்கி உட்கார வைத்துச் சட்டை மாட்டியது. பொத்தானைத் துளையில் நுழைக்கும்போது விரலில் வந்த நடுக்கம், அது தன்னுடையதா அவருடையதா என்று தெரியாமல் போனது. நாடியில் விரலை வைத்துத் துடிப்பை எண்ணியது. மறுநாள் காலையில் உடம்பில் வெப்பம் இல்லாமல் போனது. வெளியே மழை. கேட்டுக்கொண்டிருந்த பையன் மழை விடும்வரை பக்கத்தில் நிற்கிறான். தொட மாட்டான்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் எழுதியதை அவளே திரும்பப் படித்தாள். நன்றாக இருந்தது. கண் கலங்கியது. இந்த மாடியிலிருந்து ஒரு நல்ல பக்கமாவது வெளியே போகட்டும், அது என் பிள்ளைக்குப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தாளைக் கொடுத்தாள்.

எடிட்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூச்சுக்கு வட்டம், கழுத்துக்கு வட்டம், இடுப்புக்கு வட்டம். "நாப்பத்தொண்ணு," என்றார். "சூப்பர் டீச்சர். ரெண்டே முக்கால் மிளகாய் வருது. ரெண்டே போட்டுக்கலாம்." டிக் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். இரண்டு வட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள் செத்துப்போனது அவர் கண்ணில் படவில்லை. படாது என்று தெரிந்துதான் டீச்சரும் எழுதினாள்.

புத்தகம் வந்தது. எழுத்தாளருக்குத் தருகிற பத்துப் பிரதிகள் மட்டும் வழக்கம்போல் கடைகளுக்கெல்லாம் போய் முடிந்த பிறகுதான் கிளம்பின. அதனால் மகளுக்கு முன்னால் ஊர் படித்துவிட்டது.

பத்தாவது நாள் மதியம் எடிட்டர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு டீச்சரின் மேசைக்கே ஓடிவந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவள் பார்த்ததில்லை. "டீச்சர், உங்க பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுது. தொண்ணூத்திரெண்டாம் பக்கம். படிச்சிட்டு அழுது வீடியோ போடறாங்க. ரெண்டு மிளகாய்க்கு அழுத கூட்டத்தை இப்பதான் பாக்கறேன்." மூச்சு வாங்கினார். "அதைவிட, கடைசிப் பக்கத்துக்குத்தான் சண்டை. அப்பா பேயா, இல்ல அந்தப் பொண்ணுக்குப் பைத்தியமான்னு."

"எந்த அப்பா?"

"அதான், தொண்ணூத்திரெண்டுல செத்தவரு கடைசியில கதவைத் தட்டிட்டு வந்து நிக்கறாரே. நீங்க பேய் ட்விஸ்ட் வெச்சிருக்கீங்கன்னு எனக்கே தெரியாது. முதலாளி ரெண்டாம் பாகம் கேக்கறாரு."

டீச்சர் எழுந்து போய்ப் பார்சல் கட்டுகிற இடத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்துவந்தாள். பூனை, சைக்கிள், புத்தகப் பை. முதல் பக்கத்திலிருந்து படித்தாள். கதாநாயகியின் அப்பா கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார். எப்போதாவது ஃபோன் செய்வார், லைன் சரியாகக் கேட்காது. அவருடைய சட்டையை அவள் போட்டுக்கொள்கிறாள். கறுப்புப் பொத்தானை அவர் கிளம்புகிற அன்று அவளே தைத்துக் கொடுக்கிறாள், அவர் சட்டையை மறந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார். நாவல் முழுக்க அவர் வரப்போகிறார் வரப்போகிறார் என்றுதான் போகிறது. அந்தப் பையன், காதல், மழை எல்லாம் சும்மா ஓரத்தில் இருக்கிறது. நூற்று எண்பத்தேழாம் பக்கம் கதவு தட்டப்படுகிறது. அவர் பெட்டியோடு நிற்கிறார். 'சட்டை எங்கடி?' என்கிறார். அவ்வளவுதான், முடிந்தது. இதற்கு நடுவில் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் அவர் செத்துக் கிடந்தார், நாற்பத்தொரு வட்டத்தோடு.

டீச்சர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுக்கக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

பார்சல் வந்துவிட்டிருந்தது. ஒன்பது புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் மேசையில் இருந்தன. பத்தாவது மகளின் மடியில் திறந்திருந்தது. நீலச் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தாள்.

"எத்தனை நாளா அங்க வேலை பாக்கற?" என்றாள் மகள்.

"ரெண்டு வருஷம்."

"பஞ்சு விஷயம் நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்னிக்கு நீ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனதை நான் பாத்தேன். படிச்ச ஒடனே தெரிஞ்சிடுச்சு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தச் சட்டைமேல எவனையும் கை வைக்க விடக் கூடாதுன்னுதான்..."

"வெச்சிட்டுப் போகட்டுமேம்மா. எவனோ எழுதினதுன்னா கிழிச்சிப் போட்டுட்டு மிச்சத்தைப் படிச்சிருப்பேன். இதை எங்க கிழிக்கறது? உண்மையால்ல இருக்கு." மகள் புத்தகத்தை மூடினாள். "மூணு வருஷமா அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துக்கிட்டிருந்தேன். கதவு வரைக்கும் கொண்டாந்துட்டேன். நீ நடுவுல நின்னு கொன்னுட்ட."

"நான் முழுசாப் படிக்கல. நாலு பக்கம்தான் கொடுத்தாங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

உலகத்தில் எவனும் எழுத லாயக்கில்லை, எவளும் படிக்க லாயக்கில்லை என்று இருந்தவளுக்கு, தானும் படிக்கத் தெரியாதவள்தான் என்பது இப்போது விளங்கியது. "அடுத்த பதிப்புல எடுத்துடச் சொல்றேன். நாளைக்கே சொல்றேன்."

"எடுக்க முடியாது. பாரு." மகள் ஃபோனை நீட்டினாள். புத்தகத்தின் கடைசியில் எழுத்தாளரோடு பேச ஒரு முகவரி போட்டிருந்தார்கள், அதைத் திறக்கிற கடவுச்சொல் பார்சலோடுதான் வந்திருந்தது, அதில் பத்து நாளாகச் செய்திகள் வந்து குவிந்திருந்தன. மகள் காட்டியது ஒன்றைத்தான். 'அக்கா, நான் பத்தாவது படிக்கிறேன். மிளகாய் இருக்குன்னுதான் இந்த புக்கை வாங்கினேன், ஸாரி. எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. உதடு ரொம்பக் காஞ்சி போயிருக்கு. நர்ஸைக் கேக்க பயமா இருக்கு. பஞ்சை எவ்வளவு நனைக்கணும்? தண்ணி உள்ள போயிட்டா ஆபத்தா?'

"கடைசிப் பக்கத்தைப் பத்தி இந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல," என்றாள் மகள். "நீ எழுதினதைத்தான் கேக்கறா. நீயே பதில் சொல்லு."

டீச்சர் ஃபோனை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கட்டை விரலை எழுத்துகளின் மேல் வைத்தாள். தொள்ளாயிரம் வார்த்தையை அரை நாளில் எழுதுகிறவள். பஞ்சை எவ்வளவு நனைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிழிய வேண்டுமா, சொட்ட விடலாமா, எந்தப் பக்கமாகத் தலையைச் சாய்க்க வேண்டும், எதுவும் தெரியவில்லை. அவள் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை.

மகள் கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.